போர்வையில் நீ விட்ட இடம்

நேற்று தெஹியோவிட்ட பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த பெண் தோட்டத்தில் றப்பர் பால் வெட்டிவிட்டு நேரே வந்திருக்க வேண்டும். அவள் சட்டையில் ஒட்டுப்பால் நாற்றம். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நீயாக இருந்தால் அதிலிருந்த கறுத்த கறைகளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாய்.

றப்பர் பால் பட்ட துணி எவ்வளவு துவைத்தாலும் வெளுக்காது. நம் தோட்டத்து லய வீடுகளில் கிழிந்துபோன அப்படிப்பட்ட சட்டைகளையும் பாவாடைகளையும் கேட்டு வாங்கி, சதுரமாக வெட்டி, ஒட்டுப் போர்வைகளாகக் கையால் தைத்தாய். போர்த்திக்கொள்ள அல்ல, சுவரில் மாட்டிப் பார்க்க. பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தவர்கள் நாம். நான் பல்கலைக்கழகம் போய்த் திரும்பி வந்த சில வருடங்களில் கொழும்பில் உன்னைக் கலைஞர் என்றார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

"எனக்கும்தான் வரல டீ. அதுக்காக வேணாங்கவா முடியும்?" என்று சிரித்தாய்.

முதல் கண்காட்சிக்கு நீ தைத்த பெரிய போர்வையில் லயத்து வீடுகள் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு துண்டு இருந்தது. நடுவில் பக்கத்து வீட்டு மூக்கையா அண்ணனின் நீலக் கட்டம் போட்ட சட்டை. போர்வை கொழும்புக்குப் போவதற்குள் அவர் இறந்துபோனார். கருமாதிக்கு முதல் நாள், நாம் போர்வையைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது அவர் மனைவி வாசலில் வந்து நின்றார்.

"தங்கச்சி, அவரு உடுத்துனது எல்லாத்தையும் குழியில போட்டுட்டோம். படையல்ல வைக்க ஒன்னுமில்ல. அந்தத் துண்டக் குடுத்துரு."

உன்னைக் குசினிக்கு இழுத்துப் போனேன். "கொழும்புல தெரிஞ்செடுத்தது முழுப் போர்வைய. இப்ப வெட்டினா வேணாம்னுருவாங்க. கண்காட்சி முடிஞ்சதும் குடு."

"அதுவரைக்கும் கருமாதி காத்துக்கிட்டிருக்குமா?"

பிளேடால் தையலைப் பிரித்தாய். அந்த இடத்தில் உள்துணியின் வெள்ளை தெரிந்தது. வேறு துண்டு வைக்கச் சொன்னேன். "அது அவரு எடம்" என்று ஓரத்தை மட்டும் மடித்துத் தைத்தாய்.

கொழும்பில் போர்வையை அப்படியே மாட்டத்தான் செய்தார்கள். அதன் முன்னால் நின்ற ஒருவர் அந்த வெள்ளைச் சதுரம் யுத்தத்தின் மௌனம் என்று விளக்கிக்கொண்டிருந்தார். இடையில் புகுந்தாய்.

"அப்படியெல்லாம் இல்லீங்க. அது எங்க மூக்கையா அண்ணன் சட்டை. வீட்டுல கேட்டாங்க, குடுத்துட்டேன்."

அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். ஒரு வார்த்தையும் நம்பவில்லை. பிறகு ஏற்பாட்டாளர்கள் வந்தார்கள். போர்வையை வெளிநாட்டுக் கண்காட்சிக்கு அனுப்புவதாகவும், 'மௌனம்' என்று பெயர் வைத்தால் போதும் என்றும் சொன்னார்கள்.

"மூக்கையா சட்டைன்னு வைங்களேன்" என்றாய். விளையாட்டு என்று நினைத்தார்கள். நீ மாற்றிச் சொல்லவில்லை. போர்வை நம்மோடு திரும்பி வந்தது.

திரும்பும் பஸ்ஸில் நான் உன்மேல் கோபமாக இருந்தேன். அவிசாவளை தாண்டியதும், ஜன்னலைப் பார்த்தபடியே, "போகணும்னு ரொம்ப ஆசையாத்தான் டீ இருந்துச்சு" என்றாய். அதற்குப் பிறகு யாரும் உன்னைக் கூப்பிடவில்லை. போன வருடம் நெஞ்சு நோயில் போய்ச் சேரும்வரை லயத்துக்காகத் தைத்துக்கொண்டே இருந்தாய்.

நீ செய்தது சரிதான் என்று இன்றும் என்னால் முழுமனதாகச் சொல்ல முடியவில்லை. ஒரு சொல்தானே, விட்டுக்கொடுத்திருக்கலாம் என்று சில நாட்களில் தோன்றும். ஆனாலும் இப்போது எந்தக் கண்காட்சிக்குப் போனாலும், இதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்பதில்லை. இது யாருடையது என்று கேட்கிறேன். அநேகமாக அங்கே யாருக்கும் தெரிவதில்லை.