ஒரு சொம்புத் தண்ணீர்

12 ஜூன் 1991, புதன்

வயிற்றுப்போக்குக்கு உப்பு-சர்க்கரைக் கரைசல் பற்றி எங்கள் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஆப்பிரிக்காவில் கொடுத்த தாளில் 'ஒரு லிட்டர் பாட்டில் தண்ணீர்' என்றிருந்தது. இங்கே பாட்டில் ஏது என்று தமிழில் 'ஒரு சொம்பு' என மாற்றியது நான்தான்.

இன்று நூம்பலில் செல்வியின் எட்டு மாதக் குழந்தை துவண்டு கிடந்தது. "நீ எய்திக் குட்த்தாப்லயேதான்கா கலக்கிக் குட்த்தேன்," என்றாள். அவள் காட்டிய சொம்பு அரை லிட்டர்கூடப் பிடிக்காது; உப்போ ஒரு லிட்டருக்கு எழுதிய அளவு. மிச்சத்தைக் குடித்துப் பார்த்தேன், ஒரே உப்பு.

ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டிரிப் ஏறுகிறது. பிழைக்குமா என்று காலையில்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர்.

"நீ வந்ததாலதான்கா புள்ளைய இட்டாந்தோம்," என்று செல்வி என் கையைப் பிடித்து அழுதாள். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

திருநின்றவூர் வரை வீடு வீடாக அந்தத் தாளைக் கொடுத்திருக்கிறேன். விடிந்ததும் திரும்ப வாங்கப் போகிறேன். அதற்குள் வேறெந்தத் தாயும் அதைப் படித்துவிடக் கூடாதே.