அம்மாவின் முகம், மிசிசாகாக் குரல்

நவம்பர் 3, திங்கள்

தூறல். குளிர்காலத்துக்காக நேற்றுக் கடிகாரத்தை ஒரு மணிநேரம் பின்தள்ளியதால் ஐந்து மணிக்கே இருட்டு. பேருந்தில் ஈரக் கோட்டு வாடை.

இந்த வாரம்:
– மீடியா வகுப்பில் கோரா பெல்வின் பற்றிய பேச்சு. வெள்ளி.
– ஜெகன் அங்கிளின் படத்துக்குத் திரையின் கீழே ஓடும் ஆங்கில வரிகள். சனிக்குள்.
– கணிதம். (வேண்டாம். ஆனால் வேண்டும்.)

கோ.பெ. என்று இனிச் சுருக்கமாக. பழைய ஹொலிவூட் துணை நடிகை. ஒரு படத்திலும் கதாநாயகி இல்லை. வேலைக்காரி, தாதி, தொலைபேசி இணைக்கும் பெண், வாடகை கேட்டு வரும் வீட்டுக்காரி, வயதானபின் அத்தைகள். நூலகத்தில் எடுத்த ஒரு படத்தில் கதாநாயகி அழுதுகொண்டிருந்தாள். பின்னால் ஒருத்தி கண்ணாடிக் குவளை துடைத்துக்கொண்டிருந்தாள். நான் குவளைக்காரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள்தான் கோ.பெ.

அவளிடம் ஒரு தந்திரம் இருந்தது. வசனம் பேசும்போதெல்லாம் கையில் ஒரு வேலை. ஊசியில் நூல் கோர்ப்பாள், மேசை துடைப்பாள். பாதியில் வெட்டினால் அடுத்த துண்டில் கை வேறெங்கோ நிற்கும். அதனால் எடிட்டரால் அவளை வெட்ட முடியாது.

இதைக் கோடைக்காலத்தில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா முதியோர் இல்லச் சமையலறையில் வேலை. சனி ஞாயிறுகளில் நடிகை. ஜெகன் அங்கிள் கிழமை நாட்களில் வீடுகளுக்கு ஹீற்றர் திருத்துபவர், சனி ஞாயிறுகளில் டைரக்டர். அவருடைய எல்லாப் படத்திலும் கதாநாயகனின் தாய் அம்மாதான். இந்த முறை ஒரு பெரிய காட்சி. மகன் கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போகிறான், தாய் தடுக்கவில்லை. ஒரே மூச்சில் அம்மா வெங்காயம் அரிந்துகொண்டே பேசினார். ஜெகன் அங்கிள் கமராவுக்குப் பின்னால் நின்று தலையில் கை வைத்தார். "ஐயோ அக்கா, உதில எங்க வெட்டுறது? வெட்டவே ஏலாது!"

அன்று அம்மா வீடுவரை சிரித்துக்கொண்டே வந்தார்.

ஞாயிறு மாலை தியேட்டரில் முதற்காட்சி. அப்பாவும் வருகிறாராம், முதல்தடவையாக. "படமோ? நீ வீட்டில நடிக்கிறது காணாதே?" என்று கேட்டுவிட்டு, விமான நிலையத்தில் ஷிப்ட் மாற்றிக்கொண்டும் வந்துவிட்டார்.

நவம்பர் 4, செவ்வாய்

மழை இல்லை, காற்று. டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டடத்து லிஃப்ட் மறுபடி பழுது. மூச்சு வாங்கியபடி எழுதுகிறேன்.

கோ.பெ. பற்றி இன்று கிடைத்தவை. பதினான்கு வயதில் ஊர் ஊராகப் போகும் நாடகக் குழு. பிறகு ஸ்ரூடியோவில் ஏழு வருட ஒப்பந்தம். கொடுக்கும் வேடத்தை மறுத்தால் சம்பளம் இல்லாமல் நிறுத்திவைப்பார்கள். நிறுத்திய காலத்தையும் ஒப்பந்தத்தின் கடைசியில் ஒட்டிவிடுவார்கள். ஆகவே யாரும் மறுப்பதில்லை. இவள் ஒருமுறை மறுத்திருக்கிறாள். ஏன் என்று எங்கும் இல்லை.

மிகப் பிடித்த விஷயம்: ஒரு பெரிய நட்சத்திரத்தின் பேச்சு ஸ்ரூடியோவுக்குப் பிடிக்கவில்லை. அவள் வாயசைக்க, கோ.பெ. பேசினாள். பெயர் போடவில்லை. தலைப்பு வைத்திருக்கிறேன்: "அவள் அன்பளித்த குரல்". நன்றாக இருக்கிறது என்று நினைக்கிறேன். மிஸ்ஸுக்குப் பிடிக்கும்.

அம்மா ரெலிபோனில் லீனாவிடம், தன் ஆங்கிலத்தில். லீனா அம்மாவோடு சமையலறையில் வேலை செய்யும் பிலிப்பினோ அன்ரி. "கம், கம். என் மகள்தான் இங்கிலிஷ் எழுதுறாள். உனக்கு எல்லாம் விளங்கும்."

நவம்பர் 5, புதன்

முதல் பனித்துகள். நிலத்தில் நிற்கவில்லை.

ஜெகன் அங்கிள் கடைசிப் பிரதியை அனுப்பினார். சத்தமெல்லாம் சேர்த்தது. என் ஆங்கில வரிகளை அதோடு ஒருதடவை பொருத்திப் பார்க்கவேண்டும்.

அம்மாவின் காட்சி. வெங்காயம். கத்தி. அம்மாவின் நெற்றி. அம்மா வாயைத் திறந்தார். வேறு யாரோ பேசினார்கள்.

கணினி பழுது என்று நினைத்தேன். மறுபடி போட்டேன்.

அம்மா சொன்னது எனக்கு மனப்பாடம்: "போறதெண்டாப் போ. சாப்பிட்டிட்டுப் போ. உன்ர கோவத்தோட எனக்குக் கதையில்லை, உன்ர வயித்தோடதான் கதை."

இப்போது கேட்பது: "போறதுன்னா போ. சாப்பிட்டுட்டுப் போ. உன் கோபத்தோட எனக்குப் பேச்சில்ல, உன் வயித்தோடதான் பேச்சு."

மெல்லிய, இனிமையான, வானொலி அறிவிப்பாளர் மாதிரியான குரல். அம்மாவின் குரலில் ஒரு கரகரப்பு உண்டு. அது இல்லை. படம் முழுக்க இல்லை. "வாங்கோ" எல்லாம் "வாங்க". மகனாக நடித்தவர் தமிழ்நாட்டுக்காரர், அவர் குரல் அப்படியே இருக்கிறது. மாறியது அம்மா மட்டும்.

என் ஆங்கில வரிகளில் ஓர் எழுத்தும் மாற்றவேண்டியதில்லை. அர்த்தம் அதேதான். அதுதான் தாங்க முடியவில்லை.

அம்மாவை வெட்ட முடியவில்லை, நான் சொல்லிக்கொடுத்த தந்திரத்தால். குரலை மட்டும் கழற்றிவிட்டார்கள்.

அறைக்கு வெளியே அம்மா: "அனோ, என்ர சீன் வந்திட்டுதோ? எப்பிடி இருக்கு?"

"பஃபர் ஆகுது அம்மா."

நவம்பர் 6, வியாழன்

வெயில், ஆனால் குளிர். ஒன்றும் சாப்பிட முடியவில்லை.

மதிய இடைவேளையில் ஜெகன் அங்கிளுக்குப் போன் எடுத்தேன். யாருடைய வீட்டு நிலக்கீழ் அறையிலோ நின்றார், பின்னால் ஹீற்றர் இரைச்சல்.

"பிள்ளை, சென்னையில ஒரு ஆள் படத்தை வாங்கப் பாக்கிறார். ஒண்லைனில போட. அவருக்கு அக்கா கதைக்கிறது ஒரு சொல்லும் விளங்கேல்லையாம். நான் என்ன செய்ய?"

"அம்மாவுக்குச் சொன்னீங்களோ அங்கிள்?"

"சொல்லத்தான் நினைச்சனான். படத்தைப் பாத்தா அவவுக்கே பிடிக்கும். மிசிசாகாவில இருக்கிற ஒரு பிள்ளை, கவிதா எண்டு, வடிவாப் பேசியிருக்கிறா. நீ இப்ப ஒண்டும் சொல்லிப்போடாத, என்ன? ஷோ முடியட்டும்."

பெரியவர்கள் "என்ன?" என்று முடித்தால் அது கேள்வி இல்லை. நான் "ஓம்" என்றுவிட்டேன்.

பின்னேரம் அம்மா ஊதாச் சேலைக்கு இஸ்திரி போட்டார். வேலையிடத்தில் எத்தனை பேர் வருகிறார்கள் என்று பாடமாக ஒப்புவித்தார். அப்பாவின் சப்பாத்தைக்கூடத் துடைத்து வைத்திருக்கிறார்.

சொன்னால் ஞாயிறு போய்விடும். சொல்லாவிட்டால் எல்லோருக்கும் முன்னால், இருட்டில், தனியே தெரிந்துகொள்வார். எது மோசம்?

கோ.பெ. குரல் கொடுத்த நட்சத்திரம் முதற்காட்சியில் எங்கே உட்கார்ந்திருந்தாள்? என்ன முகத்தோடு? ஒரு புத்தகமும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. செவ்வாய் எழுதிய தலைப்பைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது.

நவம்பர் 7, வெள்ளி

மேகம். பேச்சு முடிந்தது. முடிந்தது என்றுதான் சொல்லவேண்டும்.

"அன்பளித்த குரல்" தலைப்பை எடுத்துவிட்டுப் போனேன். அந்தப் பகுதி வந்ததும் நின்றுவிட்டேன். பிறகு, குரல் கொடுத்தவளைப் பற்றித் தெரியும், குரல் எடுக்கப்பட்டவளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். பின்வரிசையில் ஒருவன், அந்த நட்சத்திரத்துக்குக் காசும் புகழும் கிடைத்ததே, அவளுக்கென்ன குறை என்றான். சிலர் சிரித்தார்கள். மிஸ், "இதுதான் நல்ல கேள்வி, தொடர்ந்து யோசி" என்றார். யோசிக்கத்தான் செய்கிறேன் மிஸ்.

வீட்டுக்கு வந்தேன். அம்மா லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார். கோட்டைக்கூடக் கழற்றாமல் சொல்லிவிட்டேன்.

கத்தி நிற்கவில்லை. கொஞ்ச நேரம் வெட்டினார்.

"முழுக்கவோ?"

"முழுக்க."

"போட்டுக் காட்டு."

ஈரக் கையைச் சேலைத்தலைப்பில் துடைக்கப் போய், வீட்டில் ரீஷேர்ட் போட்டிருப்பது நினைவு வந்து, காற்சட்டையில் துடைத்தார். பார்த்தோம். மூன்றாம் முறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"நல்லாத்தான் கதைக்கிறா," என்றார். பிறகு, "என்ர குரல் அவ்வளவு வடிவில்லையோ, அனோ?"

நான் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு மிச்ச லீக்ஸை வெட்டத் தொடங்கினேன்.

நவம்பர் 8, சனி

காலை அம்மா ஜெகன் அங்கிளுக்கு எடுத்தார். ஸ்பீக்கரில்.

"ஜெகன், சென்னைக்கு அந்தக் குரலைப் போடுங்கோ. நாளைக்கு எங்கட சனத்துக்கு என்ர குரலைப் போடலாம்தானே?"

"மிக்ஸிங் முடிஞ்சுது அக்கா. தியேட்டருக்குக் கொப்பியும் குடுத்தாச்சு."

"அப்ப ஏன் என்னை நடிக்கக் கேட்டனீங்கள்? அவவையே நிப்பாட்டியிருக்கலாமே."

"உங்கட முகம் அக்கா! அப்பிடி ஒரு அம்மா முகம் எனக்கு எங்க கிடைக்கும்?"

அம்மா போனைப் பார்த்தார். அதிலே அங்கிளின் படம், கறுப்புக் கண்ணாடியோடு.

தனிக் கோப்பாகப் போகவேண்டிய ஆங்கில வரிகளை நான் அனுப்பமாட்டேன் என்றேன். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "லீனா ஆக்கள் வந்து என்னத்தைப் பாக்கிறது? அனுப்பு. எங்கட வேலையை நாங்கள் ஒழுங்காச் செய்வம்."

அனுப்பினேன். அப்பாவுக்குச் சொல்லவேண்டாமாம்.

நவம்பர் 9, ஞாயிறு

ஈரப்பனி. தியேட்டர் வாசலில் குத்துவிளக்கு; தீ எச்சரிக்கைக் கருவி அடித்துவிடும் என்று மனேஜர் பற்றரி மெழுகுவர்த்தி தந்தார். ஊதாச் சேலை. எல்லோரும் அம்மாவோடு படம் எடுத்தார்கள். அம்மா எல்லாவற்றுக்கும் சிரித்தார்.

அம்மா நடுவில். வலப்பக்கம் அப்பா, இடப்பக்கம் நான், எனக்கு அடுத்து லீனா.

அம்மாவின் முதல் வசனம் வந்ததும் அப்பா நிமிர்ந்தார். "உது ஆரின்ர குரல்?" மெதுவாகப் பேச அவருக்குத் தெரியாது. நாள் முழுக்க விமானத்துக்குக் கீழே நிற்பவர்.

"பேசாம இருங்கோப்பா," என்றார் அம்மா.

"இல்லை, உது நீ இல்லையே. எங்க உன்ர குரல்?"

முன்வரிசை திரும்பிப் பார்த்தது. அப்பா வாயை மூடினார். ஆனால் அம்மாவின் பக்கம் திரும்பியபடியே இருந்தார், திரையைப் பார்க்கவே இல்லை.

வெங்காயக் காட்சி. எனக்கு அருகில் ஒரு சத்தம். அம்மா பேசிக்கொண்டிருந்தார். திரையில் உதடு அசைய அசைய, அதே நேரத்தில், தன் தமிழில். "போறதெண்டாப் போ." முதலில் மூச்சு மாதிரி. பிறகு நன்றாகவே கேட்டது. "சாப்பிட்டிட்டுப் போ." கரகரப்போடு. உதட்டுக்கு அச்சொட்டாகப் பொருந்தியது.

பின்னாலிருந்து ஓர் ஆள்: "அக்கா, கொஞ்சம் கதைக்காம இருங்கோ. படம் கேக்கேல்லை."

அம்மா நிறுத்தினார். திரையில் அம்மா தொடர்ந்து பேசினார்.

நல்ல கைதட்டல். வெளியே வரும்போது லீனா என் கையைப் பிடித்து, "தமிழ் பேசும்போது உன் அம்மாவின் குரல் எவ்வளவு மாறிவிடுகிறது! எவ்வளவு மென்மை!" என்றார் ஆங்கிலத்தில். நான் தலையாட்டினேன்.

பிறகு ஓர் அக்கா நேராக அம்மாவிடம் வந்தார். தமிழ்நாட்டுப் பேச்சு. வாய் திறந்ததுமே தெரிந்துவிட்டது. கவிதா.

"அக்கா, நான்தான் உங்களுக்கு டப்பிங் பேசினேன். இப்ப தொண்டை எப்படி இருக்கு?"

அம்மா விளங்காமல் பார்த்தார்.

"உங்களுக்குத் தொண்டையில ஆபரேஷன், பேச முடியலைன்னு ஜெகன் சார் சொன்னார். அந்த வெங்காயக் காட்சிக்கு மூச்சே பிடிக்க முடியலக்கா. கத்தி போற வேகத்துக்கு நீங்க பேசறீங்க. திரும்பத் திரும்ப எடுத்தோம். ஒரிஜினலைக் கேட்டுக்கேட்டுதான் பேசினேன். அதுல பாதிகூட என்கிட்ட வரல."

ஜெகன் அங்கிள் தூரத்தில் யாருக்கோ பொன்னாடை போர்த்துவதில் மிக மும்முரம்.

"நீங்கள் நல்லாச் செய்திருக்கிறீங்கள், தங்கச்சி," என்றார் அம்மா. அந்தக் கரகரத்த குரலில், ஒரு குறையும் இல்லாமல்.

கவிதா அக்காவின் முகம் மாறியது. அம்மாவின் கழுத்தைப் பார்த்தார். பிறகு தூரத்தில் ஜெகன் அங்கிளை. "சாரிக்கா. எனக்குத் தெரியாது," என்றார். அம்மா அவர் தோளில் தட்டினார்.

காரில் அப்பா வானொலியைப் போட்டார், உடனே நிறுத்தினார்.

நவம்பர் 11, செவ்வாய்

பனி நின்றுவிட்டது. பள்ளியில் போர் நினைவு நாளுக்காக இரண்டு நிமிட மௌனம். மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாலை ஜெகன் அங்கிள் எடுத்தார், மறுபடி ஸ்பீக்கரில். சென்னை ஆளுக்குப் படம் பிடித்துவிட்டதாம். அடுத்த படம் சித்திரையில். அம்மாவுக்கு இன்னும் பெரிய வேடம். "உங்களைச் சுத்தித்தான் அக்கா கதையே!"

அம்மா அடுப்பைக் குறைத்தார். "குரல் ஆர்?"

"அதை உங்களோட பிறகு கதைப்பம்..."

"தொண்டை ஒப்பரேஷன் எண்டு சொல்லியிருக்கிறீங்கள்."

அம்மா அடுப்பை முழுதாக அணைத்தார்.

"ஜெகன், கோவத்தில சொல்லேல்லை. எனக்கும் நடிக்க விருப்பம், உங்களுக்குத் தெரியும். குரலும் என்ர எண்டா வாறன். இல்லாட்டி வேற முகம் பாருங்கோ."

"அக்கா, அப்பிடி டக்கெண்டு... நான் யோசிச்சிட்டு எடுக்கிறன்."

அப்பா சோபாவிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "தேத்தண்ணி போடட்டே?" என்றார். அப்பா தேத்தண்ணி போட்டு நான் பார்த்ததில்லை. சீனி அதிகம்.

நவம்பர் 15, சனி

வெளிச்சமான நாள். மீடியாப் பேச்சுக்கு நல்ல புள்ளி. அந்த நின்றுபோன இடம்தான் பலம் என்று மிஸ் எழுதியிருக்கிறார்.

கோ.பெ. வேடத்தை மறுத்தபின் எவ்வளவு காலம் சும்மா இருந்தாள் என்று தேடினேன். அவள் படப்பட்டியலில் அடுத்த படம் வரும்வரை ஒன்றும் இல்லை. ஒரு வெற்று வரி.

ஜெகன் அங்கிள் இன்னும் எடுக்கவில்லை. அம்மாவின் வேடத்துக்கு வேறோர் அன்ரியைப் பார்த்துவிட்டார் என்று தமிழ்க்கடையில் யாரோ சொன்னதாக அப்பா சொன்னார், பிறகு சொல்லியிருக்கக்கூடாது என்ற முகத்தோடு நின்றார்.

"பாக்கட்டும்," என்றார் அம்மா.

குளிக்கப் போகும்போது, மணிச் சத்தத்தைக் கூட்டிவிட்டு, போனையும் குளியலறைக்குள் கொண்டுபோனார்.