முதலில் சொல்கிறவன்

ஜனவரி 28, 1968. ஞாயிறு

பனி. ஏழு மணிக்கும் ராயபுரம் பாலம் கண்ணுக்குத் தெரியவில்லை. நேற்று மாவுக்கட்டு பிரித்தார்கள். உள்ளேயிருந்து வந்தது என் கால்தானா என்று சந்தேகம். வெளுத்துச் சூம்பி, அவித்த மரவள்ளிக்கிழங்கு போல.

செய்ய வேண்டியது: தைலம். பூட்ஸுக்கு லாடம். டாக்டர் சீட்டை ஆபீசில் கொடுக்க. சட்டைப்பைக்குப் புது நோட்டு.

மாலை மரியதாஸ் வந்தான் (இனி ம. என்றே எழுதுகிறேன், சோம்பல்). கொய்யாப்பழம் கொண்டுவந்தான். கடைசி நடையைப் பற்றியே பேச்சு. ஆறு வருஷமாக மாதம் இரண்டு ஞாயிறு, முதல் பூசை முடிந்ததும் பஸ் ஏறுகிறோம். பஸ் நிற்கிற கடைசி ஊரிலிருந்து நடை. ஹார்பரே சிரிக்கிறது. "நடக்கறதுக்கு பஸ்ல போறானுங்கோ பாரு!" எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர் என்று துண்டு துண்டாக வடக்கே ஏறியாயிற்று. மிச்சம் ஒரு துண்டு. காட்டூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, கால்வாயைத் தோணியில் தாண்டி, மணல்மேட்டோடு பழவேற்காடு முகத்துவாரம் வரை. டிசம்பரிலேயே முடித்திருப்போம். அதற்குள் ஹார்பரில் டிரம் உருண்டு என் பாதத்தில் ஏறிவிட்டது.

எங்களுக்குள் ஒரே சட்டம்: ஒருவனை விட்டு ஒருவன் புது வழியில் கால் வைப்பதில்லை.

"நீ இல்லாம அந்த மண்ல நான் கால் வெப்பனா மாமு? மாதா மேல சத்தியம்!" என்றான் ம. கண் கலங்கிவிட்டது எனக்கு. பிப்ரவரி 18 என்று முடிவு.

ஜனவரி 31, புதன்

வெயில். பாலம் வரை போய் வந்தேன். வலி பொறுக்கிற அளவு.

ம. ஹார்பர் கதை சொன்னான். ஹாட்சிலிருந்து, அதாவது கப்பலின் சரக்கறை வாயிலிருந்து, இறங்குகிற சரக்கில் கப்பல் பக்கத்து எண்ணிக்கை அவனுடையது, கரைப் பக்கத்தது என்னுடையது. நான்கு கோடு, குறுக்கே ஒன்று, அதுதான் எங்கள் பிழைப்பு. ஷிப்ட் முடிந்ததும் இரண்டையும் ஒத்துப் பார்த்துக் கையெழுத்து. எங்கள் ஜோடிக்கு ஒருநாளும் தப்பியதில்லை. ஒத்துப்போன கணக்கை யாரும் திரும்ப எண்ணுவதும் இல்லை. ஃபோர்மன் எங்களை 'இரட்டைக் குழந்தை' என்பார். எனக்குப் பதிலாக இப்போது வந்திருப்பவனோடு ம.வுக்குத் தினம் சண்டையாம்.

"அந்தாளு கணக்கு நம்மளோட ஒத்துக்கவே மாட்டேங்குது மாமு. பேஜாரா கீது."

உள்ளுக்குள் குளிர்ந்துபோனேன். நான் இல்லாமல் ஹாட்ச் ஓடாது!

நடையிலும் இதே கணக்குதான். நூறு காலடிக்கு ஒரு கோடு, அவனவன் நோட்டில். முடிவில் நான் சொல்வேன், அவன் பார்ப்பான், சரியாக இருக்கும். ஆறு வருஷமும்.

பிப்ரவரி 4, ஞாயிறு

மேகமூட்டம். காலையில் நன்றாகத்தான் இருந்தேன்.

பூசைக்குப் பிறகு ம.வின் மனைவி ரெஜினா வந்தாள், ஒரு தூக்கில் நெத்திலிக் குழம்போடு. என் மனைவி ஸ்டெல்லா உள்ளே சோறு வடித்துக்கொண்டிருந்தாள். பேச்சுக்குக் கேட்டேன், "என்ன ரெஜினா, அவன் எர்ணாவூர்ல மச்சான் வீட்டுக்குப் போயிட்டானா?" நாங்கள் நடக்காத ஞாயிறுகளில் அவன் அங்கேதான் போவதாகச் சொல்வான்.

"எர்ணாவூரா? அங்க எங்களுக்கு யாரு கீறா அண்ணே? எந்தம்பி தண்டையார்பேட்டைல இல்ல கீறான்."

"பின்னே ஞாயித்துக்கிழமை எல்லாம்?"

"வயி பாக்கத்தான். நீங்க போற வயிய மின்னாடி வாரமே போயி நடந்து பாத்துட்டு வந்துருவாரே. உங்களுக்குத் தெரியாதா?"

தெரிந்ததுபோல் தலையாட்டினேன். எப்படி ஆட்டினேனோ.

"மொத வருசம் எண்ணூர் சேத்துல மாட்டிகினு நீங்க 'அம்மா அம்மா'ன்னு அழுதீங்களாமே. அதுலேர்ந்துதான். அண்ணன் பயந்துக்கும்னு சொல்லிகினே இருப்பாரு."

அந்தச் சேற்றை யாரிடமும் சொல்வதில்லை என்று திரும்பி வந்த பஸ்ஸில் என் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தவன் அவன். அன்று இடுப்பு வரை புதைந்திருந்தேன். தோளில் போட்டுக் கரையேற்றியவனும் அவன்தான்.

"காட்டூருக்கும் போய் வந்துட்டானா?" குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டேன்.

"கிறிஸ்மஸ் கயிச்சி போனாரே. வூடெல்லாம் மண்ணு!"

நெத்திலியைத் தொடவில்லை.

பிப்ரவரி 5, திங்கள்

ஈரக்காற்று. முன்பு அர்த்தமாகாதவை எல்லாம் இன்று வரிசையாக வந்து நிற்கின்றன.

எண்ணூர் மணலில் நல்ல தண்ணீர் ஊற்று. "தோ பாரு மாமு!" என்று அவனே அதிசயப்பட்டது.

மீஞ்சூர் தாண்டிச் சவுக்குத் தோப்பு நாய். என்னைப் பார்த்துக் குரைத்தது, அவனுக்கு வாலாட்டியது. "நாய்க்கு நல்லவன் யாருன்னு தெரியும்" என்றான். நானும் சேர்ந்து சிரித்தேன், மடையன்.

வழி பிரிகிற இடத்தில் எல்லாம், "நீயே சொல்லு மாமு, உன் மூக்குக்குத் தெரியும்." நான் ஒரு பக்கம் காட்டுவேன். சில தடவை அவனுக்கு அந்த நேரம் பார்த்து ஒன்றுக்கு வந்துவிடும், எதிர்ப்பக்கம் ஒதுங்குவான். அங்கிருந்து கூப்பிடுவான், "இங்க ஒரு தடம் கீது, வந்து பாரேன்." போவேன். கடைசியில் சரியாகப் போய்ச் சேர்ந்ததும் என் மூக்கைப் புகழ்வான்.

டீக்கடையில் எத்தனை பேரிடம் பீற்றியிருக்கிறேன், வழி கண்டுபிடிப்பதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று! பக்கத்தில் உட்கார்ந்து டீயை ஊதிக்கொண்டிருப்பான்.

திருவிழாவில் குழந்தையைக் கூட்டிப் போகிறவன்போல என்னைக் கூட்டிப் போயிருக்கிறான்.

பிப்ரவரி 8, வியாழன்

ஸ்டெல்லாவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"உங்களுக்காகத்தானே போனாரு. இதுல இன்னா தப்பு?"

"பின்னே எனக்குத் தெரியாம எதுக்கு?"

"தெரிஞ்சா நீங்க போயிருப்பீங்களா?"

பூட்ஸைத் துடைத்தேன். லாடம் அடித்தாகிவிட்டது, மூன்று ஆணி.

கோபம் தீரவில்லை. என்னைக் கிண்டல் செய்திருந்தாலும் பொறுத்திருப்பேன். இவன் பரிதாபப்பட்டிருக்கிறான். அதுவும் மாதா பெயரைச் சொல்லிப் பொய்!

பிப்ரவரி 12, திங்கள்

வேலைக்குத் திரும்பினேன். நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். மாலை ஒத்துப் பார்த்தோம். நான் சொன்னேன், அவன் "கரீக்ட்" என்றான். "இரட்டைக் குழந்தை வந்துட்டாங்கப்பா!" ஃபோர்மன் கத்தினார். ம. என் தோளில் கை போட்டான். எடுத்துவிடத் தோன்றியது, எடுக்கவில்லை. ஞாயிறு வரட்டும்.

பிப்ரவரி 18, ஞாயிறு

லேசான பனி, பிறகு நல்ல வெயில். முதல் பூசை. மீஞ்சூரில் காட்டூர் பஸ் பிடித்தோம். மடியில் கோழிக்கூடையோடு ஒரு அம்மா. கண்டக்டர்: "கோயிக்கு சீட்டு இல்ல, மனுசனுக்கு மட்டும் எடு."

தோணிக்காரன் ம.வைப் பார்த்ததும் சிரித்தான். ம. கண்ணால் ஏதோ சொன்னான். தோணிக்காரன் சிரிப்பை முழுங்கிக்கொண்டான். நான் தண்ணீரைப் பார்ப்பதுபோல் இருந்தேன்.

மணல்மேடு. கால் வலித்தது. வலப்பக்கம் கடல், இடப்பக்கம் ஏரி, நடுவில் நாங்கள் இரண்டு பேர். இவ்வளவு அழகான இடத்தை நான் பார்த்ததே இல்லை. அவன் பார்த்திருக்கிறான்.

"அடேங்கப்பா! இன்னா காத்து, இன்னா காத்து! இப்டி இருக்கும்னு நெனச்சியா மாமு?"

நடிப்பு ஒன்றும் மோசமில்லை. ஆறு வருஷத்துப் பழக்கம்.

முகத்துவாரத்தில் நின்றோம். கூழைக்கடா ஒரு கூட்டம். அவன் சந்தோஷத்தில் என்னைக் கட்டிக்கொண்டான். கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "எத்தினி மாமு?" என்று நோட்டை எடுத்தான்.

என் நோட்டில் நூற்றுப் பன்னிரண்டு கோடு. இரண்டு தரம் எண்ணிப் பார்த்தது.

"தொண்ணூத்தேழு" என்றேன்.

கண் இமைக்கவில்லை அவன். "எனக்கும் அதான் மாமு! தொண்ணூத்தேயி!" கையெழுத்துப் போட்டான். நானும் போட்டேன்.

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி பஸ். ஜன்னலோரம் எனக்கு. அவன் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். ஆறு வருஷமும் முதலில் சொல்கிறவன் நான்தான் என்று அப்போதுதான் உறைத்தது. நடையில் மட்டுமா? ஹாட்சிலும்.

பிப்ரவரி 19, திங்கள்

கால் வீக்கம். உர மூட்டை, மூன்றாம் ஹாட்ச். நாற்காலி வேண்டாம் என்றுவிட்டேன். நாள் முழுக்க யாரோடும் பேசவில்லை, டீக்கும் எழுந்திருக்கவில்லை. ஒவ்வொரு மூட்டையையும் கண்ணால் தொட்டு எண்ணினேன்.

விசில். ம. காதிலிருந்து பென்சிலை எடுத்துக்கொண்டு வழக்கம்போல் என் வாயைப் பார்த்தான்.

"எத்தினி மாமு?"

"இன்னிக்கு நீ மொதல்ல சொல்லு" என்றேன்.

அவன் முகம் மாறியது. பிறகு நோட்டைப் பார்த்து மெதுவாகச் சொன்னான். என்னுடையதைவிட ஒன்பது அதிகம்.

ஆறு வருஷத்தில் முதல் தடவை. ஃபோர்மன் நம்பவில்லை. ஷெட்டில் போய்த் திரும்ப எண்ணச் சொன்னார். ஆட்கள் முணுமுணுத்துக்கொண்டே எண்ணினார்கள். ம. என் பக்கம் திரும்பவே இல்லை, பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தான்.

அவன் சொன்னதுதான் சரி.