அசையாவிட்டால் அணையும் விளக்கு

அம்மா,

சிதம்பரத்தில், அண்ணாமலை நகர் பக்கம், நம் முதியோர் இல்லத்தின் கிளை ஒன்று திறக்கப்போகிறது. வெயில் கட்டடத்துக்குள் இறங்காமலிருக்க இன்று மொட்டைமாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தார்கள். அந்த ஈர வாசனை மூக்கில் ஏறியதும் உங்கள் நினைவு வந்துவிட்டது. நீங்கள் தங்கியிருந்த கடலூர் இல்லத்தில் இதே வேலை நடந்தபோது மாடிப்படியடியில் நின்று, "என்னா சிஸ்டரம்மா, ஊட்ல கல்யாணமா?" என்று கேட்டீர்களே.

கல்யாணம் இல்லை, கவலை. கரண்ட் பில் குறையாவிட்டால் இல்லத்தை நடத்த முடியாது என்று டிரஸ்டில் சொல்லிவிட்டார்கள். உங்களையெல்லாம் எங்கே அனுப்புவது என்று பொறுப்பு நர்ஸான எனக்குச் சோறே இறங்கவில்லை. பல்புகளையும் பழைய ஃபேன்களையும் மாற்றினோம். வெந்நீருக்கு சோலார் வைத்தோம். கடைசியாக வராந்தாவிலும் பாத்ரூம்களிலும் சென்சார் விளக்குகள் வந்தன. ஆள் நடமாடினால் எரியும், அசைவில்லாவிட்டால் தானாக அணைந்துவிடும்.

ஒருநாள் வராந்தா நாற்காலியில் உட்கார்ந்தபடி நீங்கள் அடிக்கடி கையைத் தூக்குவதைப் பார்த்தேன்.

"யாரம்மா கூப்புடுறீங்க?"

"ஆரயும் இல்ல. வெளக்குக்குக் கையக் காட்டுறேன். சும்மா குந்தியிருந்தா நா செத்துட்டேன்னு நெனச்சிக்குது."

சிரித்துவிட்டேன்.

ஐப்பசி மழை கொட்டிய சாயங்காலம் அது. டீ கொடுக்கும் நேரத்துக்கே இருட்டிவிட்டது. கம்மாபுரத்திலிருந்து வந்து தங்கியிருந்த ஐயா பாத்ரூமுக்குப் போனதை நான் கவனிக்கவில்லை. மாத்திரை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் குரல் வராந்தாவைக் கிழித்தது.

"சிஸ்டரம்மா, ஓடியா! ஐயா உள்ள போனாரு. கதவுக்கடியில தெரிஞ்ச வெளிச்சம் நின்னுபோச்சி. ஆளு வெளிய வரல."

"கரண்ட் போயிருக்கும்மா."

"இங்க எரியுது பாரு!"

தட்டினேன். பதில் இல்லை. வாட்ச்மேனும் நானும் சேர்ந்து இடித்ததில் தாழ்ப்பாள் பிடுங்கிக்கொண்டு வந்தது. நாங்கள் உள்ளே நுழைந்த அசைவில் விளக்கு சட்டென்று எரிந்தது. ஐயா ஈரத்தரையில் கிடந்தார். கண் திறந்திருந்தது.

"கத்திப் பாத்தேன்மா, கொரலே வரல," என்றார்.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் பல நாள் கிடந்து, கோல் ஊன்றி நடந்தே திரும்பினார். அன்று வெளிச்சம் நின்றதை எப்படிக் கவனித்தீர்கள் என்று உங்களிடம் கேட்டேன்.

"கடலுக்குப் போனவுங்க திரும்பி வராங்களான்னு பாத்தே எம் பொழுது போச்சி. உள்ள போனவர மட்டும் உட்ருவனா?"

டிரஸ்ட் கூட்டத்தில், பாத்ரூமில் எப்போதும் அணையாத சின்ன விளக்கு ஒன்று வேண்டுமென்றேன். "மிச்சம் பண்ணத்தானே இதெல்லாம் பண்ணோம்?" என்றார் ஒருவர். "சோலாரும் சுண்ணாம்பும் மிச்சம் பண்ணட்டும் சார். பாத்ரூம்ல விழுந்தவங்க இருட்டுல கெடக்க வேணாம்," என்றேன். ஒப்புக்கொண்டார்கள். விளக்கு வந்தது. பில்லும் குறைந்தது. யாரையும் எங்கேயும் அனுப்ப வேண்டியிருக்கவில்லை. தை பிறந்ததும் காய்ச்சலில் நீங்கள்தான் போய்விட்டீர்கள்.

சிதம்பரத்துப் புதுக் கட்டடத்தில் ஒவ்வொரு பாத்ரூமிலும் அந்தச் சின்ன விளக்கு இருக்கிறது. வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய தாழ்ப்பாளும் போட்டிருக்கிறார்கள். எல்லாம் சரியாகவே இருக்கிறது, அம்மா. ஆனாலும் கடலூரில் நம் வராந்தாவைக் கடக்க எனக்கு இப்போதும் வெகுநேரம் ஆகிறது. பாத்ரூமுக்குள் போனவர் வெளியே வரும்வரை கால் நகர்வதில்லை.

வீட்டிலும் அப்படித்தான். என் கணவர் குளிக்கப் போனால், தண்ணீர்ச் சத்தம் நின்றதும் என் கை வேலையும் நின்றுவிடுகிறது.

"கதவாண்ட நின்னுக்கிட்டு என்னா பண்ற?" என்று உள்ளேயிருந்து கத்துகிறார்.

கோபமாகத்தான் கத்துகிறார். அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வருகிறது.