கிணற்றுக்குப் பூட்டுப் போட்டவர்கள்

ஈந்தடிவிளை,
இராஜாக்கமங்கலம் வழி,
1936 மே மாதம்.

அருமை மகள் லீலாபாய்க்கும் மாப்பிள்ளை செல்வதாஸ் அவர்களுக்கும் ஆண்டவருடைய சமாதானம் உண்டாகட்டும். நான் நன்றாக இருக்கிறேன், செவலைப் பசு கன்று போட்டு அதுவும் நன்றாக இருக்கிறது, ஊர்தான் நன்றாக இல்லை, ஊரை நடத்துகிறவர்களின் புத்தி அதைவிட மோசமாக இருக்கிறது. அங்கே கடல் தாண்டி அட்டன் தேயிலை மலையில் மழையும் குளிருமாக இருக்குமே, பிள்ளைக்கு நெஞ்சில் சளி கட்டாமல் பார்த்துக்கொள், தேயிலைத் தண்ணீரைப் பழக்காதே, சுக்கும் பனங்கருப்பட்டியும் அடுத்த ஆள் வரும்போது கொடுத்துவிடுகிறேன். நான் இதை அவசரமாக எழுதக் காரணம், நம் பஞ்சாயத்துத் தலைவர் நேசையன், அவரேதான் சபைக் கமிட்டிக்கும் செயலாளர், மாப்பிள்ளைக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறாராம். உங்கள் மாமியாருக்குப் புத்தி பேதலித்துவிட்டது, வந்து அழைத்துப் போங்கள் என்று எழுதியிருப்பதாக அவரே கடைத்தெருவில் சொல்லித் திரிகிறார். எனக்கு எழுதவில்லை, உனக்கும் எழுதவில்லை, மாப்பிள்ளைக்கு எழுதியிருக்கிறார், ஏனென்றால் மாடு வேலி தாண்டினால் மாட்டுக்குச் சொந்தக்காரனிடம்தானே சொல்ல வேண்டும். அது அங்கே வந்து சேருமுன் நடந்தது என்னவென்று நானே சொல்லிவிடுகிறேன்.

போன ஆவணியில் என்னைப் பஞ்சாயத்தில் உறுப்பினராக நியமித்தார்கள் என்று எழுதியிருந்தேன், நீயும் சந்தோஷப்பட்டுப் பதில் போட்டாய். ஒரு பெண்பிள்ளை இருந்தால் மேலிடத்தில் நல்ல பெயர் கிடைக்கும் என்று யாரோ சொல்ல, வாயில்லாத விதவை ஒருத்தி வேண்டும் என்று தேடி நேசையன் என்னைப் பிடித்தார். மிஷன் போர்டிங்கில் படித்தவள், கையெழுத்து அழகாக இருக்கும், வாய் திறக்க மாட்டாள் என்று கணக்குப் போட்டிருக்கிறார். முதல் இரண்டும் சரிதான். கூட்டம் பள்ளிக்கூடத்தில் நடக்கும். நான்கு ஆண்பிள்ளைகளும் பெஞ்சில், எனக்குப் பிள்ளைகள் உட்காருகிற குட்டை முக்காலி. பலசரக்குக் கடை சுயம்புலிங்கம் வெற்றிலையை வாய் நிறைய அடக்கிக்கொண்டு வருவார், எந்தக் காரியத்துக்கும் அவரிடமிருந்து ஒரு சொல் வந்ததில்லை, துப்ப எழுந்து போனால் எதிர்ப்பு, துப்பாமல் இருந்தால் சம்மதம் என்று நாங்களே எடுத்துக்கொள்ள வேண்டியது. மற்ற இரண்டு பேரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, நேசையன் தும்மினால் அதற்கும் ஆமோதிப்பு சொல்கிறவர்கள்.

நம் வேதக்கோயிலுக்குக் கிழக்கே சர்க்கார் புறம்போக்கில் ஒரு கிணறு வெட்டினார்கள். ஊரார் வரிப்பணம், மேலக்குடியிருப்பு ஆட்களின் உடம்பு. யோவன்னாளின் புருஷன் ஏசுஅடிமைதான் இடுப்பளவு சேற்றில் நின்று மண் அள்ளினான். உப்பில்லாத தண்ணீர், கடல் இவ்வளவு பக்கத்தில் இருந்தும் இளநீர் மாதிரி ஊறியது. சுற்றுச்சுவர் கட்டிக் கப்பியும் மாட்டியாயிற்று. உடனே நேசையன் அதன் வாயைப் பலகையால் மூடி, கொண்டி அடித்து, பூட்டுப் போட்டார். ஏன் என்று கேட்டேன். தாசில்தார் வந்து திறந்துவைக்க வேண்டுமாம், அதற்கு முன்னால் ஒருவரும் வெள்ளம் கோரப்பிடாதாம், ஒரு வாளித் தண்ணீர்கூட. தாசில்தார் எப்போது வருவார் என்றேன். அவருக்க சௌகரியம் எக்கா, பெரிய உத்தியோகஸ்தரை நாம அவசரப்படுத்த முடியுமா என்றார். அதன் பிறகு நடந்த கூட்டங்களை நீ பார்த்திருக்க வேண்டும். வளைவுக்குத் தென்னங்குருத்தா மாவிலையா என்பது ஒரு கூட்டம். உபசாரப் பத்திரத்தில் கனம் என்று போடுவதா மகா கனம் என்று போடுவதா என்பது இன்னொரு கூட்டம், அதில் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டு குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய், மழை இல்லாததால் திரும்பி வந்தார்கள். கல்லில் தலைவர் பெயரைத் தாசில்தார் பெயருக்குக் கீழே எவ்வளவு சிறிதாக வெட்டினால் மரியாதையாக இருக்கும் என்று நூல் பிடித்து அளந்து பார்த்தார்கள். பூட்டைத் திறந்துவிடுங்கள், வெயில் ஏறுகிறது, மேலக்குடியிருப்புக் கிணறு உப்பாகிவிட்டது, அவர்கள் வாய்க்கால் குட்டையில் மாடு குளிக்கிற தண்ணீரைக் குடிக்கிறார்கள் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் நான் சொன்னேன். அம்மாள் சொன்னது கவனிக்கப்பட்டது என்று எழுதி வைத்துவிட்டு மறுபடியும் மாவிலைக்குப் போய்விடுவார்கள். ஒரு நாள் நேசையன் மனசில் இருந்ததையே சொல்லிவிட்டார். திறந்தாலும் மேலக்குடிக்காரங்க கயிற்றைத் தொடப்பிடாது எக்கா, ஞானஸ்நானம் வேற, கிணறு வேற என்றார். கோயிலில் அவர்களைப் பின்னால் பாயில் உட்காரவைத்துவிட்டு முன்னால் நின்று ஜெபம் பண்ணுகிற வாய்தான் அது.

இனி எழுதப்போவதைப் படிக்கும்போது உட்கார்ந்துகொள். யோவன்னாள் போய்விட்டாள். உன்னோடு ஞாயிறு பள்ளியில் ஒரே வசனச் சீட்டைப் பங்கு போட்டுக்கொண்ட யோவன்னாள்தான், நீ கல்யாணமாகிப் போகும்போது வில்வண்டிக்குப் பின்னால் கலுங்குப் பாலம் வரை ஓடிவந்தாளே, அவளே. மேலக்குடியிருப்பில் வாந்திபேதி புகுந்துவிட்டது. காலையில் விளையில் வேலைக்கு நின்றவளுக்கு மத்தியானம் கண் உள்ளே போய்விட்டது. நான் போனபோது ஏசுஅடிமை மடியில் தலையை வைத்துக்கொண்டு வெள்ளம், வெள்ளம் என்று மட்டும் சொன்னாள். அவன் கையில் இருந்த சட்டியில் அந்தக் குட்டைத் தண்ணீர்தான் இருந்தது. நான் வீட்டுக்கு ஓடி வந்து கொதிக்கவைத்த நீரும் உப்பும் கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டது. அவர்கள் குடிசை வாசலில் நின்று பார்த்தால் புதுக் கிணற்றின் கப்பி வெயிலில் மின்னுகிறது, லீலா. அவ்வளவு பக்கம்.

அடக்கத்துக்குக் கமிட்டியில் ஒருவரும் வரவில்லை, தொற்று நோயாம். போதகர் கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்றே, மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, யாரோ துரத்துவதுபோல ஆராதனையை ஓட்டினார். மண் போட்டுவிட்டுத் திரும்பினவர்களுக்குக் கை கழுவத் தண்ணீர் இல்லை. மேலக்குடியிருப்புப் பெண்கள் மண்கையோடு அந்தப் பூட்டைப் பார்த்துக்கொண்டே நடந்து போனார்கள். நான் நேராக வீட்டுக்கு வந்தேன், தேங்காய் உரிக்கிற பாரையை எடுத்தேன், வாளியையும் கயிற்றையும் எடுத்தேன். பட்டப்பகலில், கடைத்தெரு முழுவதும் பார்க்க, கொண்டிக்குள் பாரையை விட்டு நெம்பினேன். உன் அப்பா உரித்த பாரை, கொண்டி என்ன செய்யும், ஆணியோடு வந்துவிட்டது. முதல் வாளியை நானே கோரி அந்தப் பெண்களின் கையில் ஊற்றினேன். சுயம்புலிங்கம் கடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார், துப்பவில்லை.

நேசையன் ஓடி வந்தார். பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை, பஞ்சாயத்துச் சொத்தை உடைச்சுப் போட்டியே, தாசில்தாருக்கு நான் என்ன பதில் சொல்லுவேன் என்று கத்தினார். ஒருத்தி செத்தது அவர் வாயில் வரவே இல்லை. இனி அவர் இவர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை, அவன் மூக்கொழுகத் திரிந்த நாளிலிருந்து எனக்குத் தெரியும். தாசில்தார் வந்தால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், யோவன்னாளுக்கு நீ பதில் சொல்லு என்றேன். மறுநாள் ஆசாரியை வைத்துப் புதிதாகக் கொண்டி அடித்தான். நானும் மறுபடியும் பாரையை எடுத்துக்கொண்டு போனேன். அதற்குள் நம் கிழக்குத் தெருப் பெண்களும் குடத்தோடு வந்துவிட்டார்கள், அவர்களுக்கும் நாக்கு வறண்டுதானே கிடந்தது. ஊர்ப் பெண்கள் அத்தனை பேரையும் எதிர்க்கத் தைரியம் இல்லாமல் பூட்டைக் கழற்றிவிட்டு ஒரு சட்டம் போட்டான். கிழக்குத் தெருவார் கோரலாம், மேலக்குடியிருப்பார் கயிற்றைத் தொடக்கூடாது, யாராவது இரக்கப்பட்டு ஊற்றினால் வாங்கிக்கொள்ளலாம். இதைப் பெரிய தயவு என்று போதகர் பிரசங்கத்திலும் சொன்னார். இரக்கப்பட ஒருத்தியும் வரவில்லை, நான்தான் விடிந்ததிலிருந்து கோரிக் கோரி ஊற்றினேன். உள்ளங்கை தோல் உரிந்து, தோள் தூக்க முடியாமல், மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு கிடந்தேன். ஆனால் நோய் மேலக்குடியிருப்பில் அத்தோடு நின்றுவிட்டது, அது போதும்.

கடைசியில் மகா கனம் பொருந்திய தாசில்தார் வந்தார். கார் மணலில் புதைந்து, மேலக்குடியிருப்பு ஆட்கள்தான் தள்ளிவிட்டார்கள். ஊரே குடித்துக்கொண்டிருக்கிற கிணற்றுக்கு நாடா கட்டி வைத்திருந்தான் நேசையன். சுவரில் கயிறு உராய்ந்து தடம் விழுந்திருப்பதைத் தாசில்தார் தடவிப் பார்த்து இது என்ன என்று கேட்டார். பரிசோதனைக்காகக் கோரிப் பார்த்தோம் எஜமானே என்றான், முகத்தில் ஈ ஆடவில்லை. உபசாரப் பத்திரம் வாசித்து முடிவதற்குள் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடலாம். என் கையில் பன்னீர்ச் செம்பைக் கொடுத்திருந்தார்கள், பஞ்சாயத்தில் பெண்பிள்ளைக்கு உள்ள வேலை அதுதானாம். நாடாவை வெட்டினதும் தாசில்தார், முதல் வாளியை உங்கள் பெண் மெம்பர் கோரட்டுமே என்றார். நேசையனுக்கு வாயெல்லாம் பல், போங்க எக்கா போங்க என்று என்னை முன்னால் தள்ளினான். நான் பன்னீர்ச் செம்பை அவன் கையிலேயே கொடுத்தேன். கூட்டத்துக்கு வெளியே உடைமரத்தடியில் நின்ற ஏசுஅடிமையைப் பார்த்து, ஏலே மக்கா, இந்தக் கிணற்றை வெட்டினவன் நீ, நீ வந்து கோரு என்று சத்தமாகக் கூப்பிட்டேன்.

அவன் அசையவில்லை. தலையை ஆட்டினான், வேண்டாம் அம்மா என்று கையைக் காட்டினான். நேசையன் என் காதோரம் வந்து, கெடுத்துப் போடாதே கெடுத்துப் போடாதே என்று பல்லைக் கடித்தான். தாசில்தாருக்கு இந்த ஊர்ச் சங்கதி என்ன தெரியும், வெட்டினவனே கோருவதுதான் முறை, நல்ல யோசனை என்று கை தட்டிவிட்டார். தாசில்தார் தட்டினால் எல்லாரும் தட்ட வேண்டியதுதானே. ஏசுஅடிமை வந்தான். கயிற்றைப் பிடித்து இழுத்தான், வாளி சுவரில் இடித்து இடித்து ஏறியது. தாசில்தார் வெள்ளித் தம்ளரை நீட்டினார், அவன் ஊற்றினான், அவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, அமிர்தம் ஓய், நீரும் குடியும் என்று தம்ளரை நேசையன் கையில் கொடுத்தார். நேசையன் என்னைப் பார்த்தான், போதகரைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான். ஏசுஅடிமை ஊற்றின தண்ணீரை விளக்கெண்ணெய் குடிக்கிற பிள்ளைபோலக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினான். அந்த முகத்தைப் பார்க்க நீ இங்கே இல்லையே என்றுதான் எனக்கு வருத்தம்.

நான் சிரித்துக்கொண்டே திரும்பினால் ஏசுஅடிமையைக் காணவில்லை. சுவருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, நனைந்த கையை முகத்தில் வைத்துக்கொண்டிருந்தான். எனக்க யோவன்னாளுக்கு அண்ணைக்கு இதுல ஒரு கை வெள்ளம் கிடைச்சிருந்தா போதுமே அம்மா என்றான். எனக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. பன்னீர் தெளித்து, பழம் கொடுத்து, காரைத் தள்ளி அனுப்புகிற சத்தம் அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டே இருந்தது, நாங்கள் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தோம்.

தாசில்தார் முன்னால் கயிற்றைத் தொட்டாயிற்று, குடித்தும் ஆயிற்று, இனித் தொடாதே என்று சொல்ல நேசையனால் முடியவில்லை. கிழக்குத் தெருவில் சில மகாராணிகள் ஒரு வாரம் உப்புத் தண்ணீரில் கஞ்சி வைத்துப் பார்த்தார்கள், பிறகு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தபடி வந்தார்கள். இப்போது யார் வேண்டுமானாலும் கோருகிறார்கள். கோபத்தை எங்கே தீர்ப்பது, சபைக் கமிட்டியைக் கூட்டி என்னைத் திருவிருந்திலிருந்து நிறுத்திவைத்தார்கள். சபைக்கு இடறல் உண்டாக்கினேனாம், பொதுச் சொத்தைச் சேதப்படுத்தினேனாம். அதைச் சொல்லப் போதகர் வீட்டுக்கு வந்து மோர் வாங்கிக் குடித்துவிட்டு, ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிடுங்களேன், பஞ்சாயத்தையும் விட்டுவிடுங்கள், வயதான காலத்தில் எதற்கு என்று இழுத்தார். யாரிடம் கேட்க வேண்டும் என்று கேட்டேன். மோர் நன்றாயிருக்கிறது என்றார். ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலுக்குப் போகாமல் இல்லை. பின்னால் மேலக்குடியிருப்புப் பெண்களோடு பாயில் உட்காருகிறேன். காற்று அங்கேதான் நன்றாக வருகிறது. இத்தனை வருஷம் முன் பெஞ்சில் கமிட்டிக்காரர்களின் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன், இப்போது அதுவும் தூரத்தில் இருக்கிறது.

ஆகையால் அந்த மனுஷனுடைய கடிதம் வந்தால் மாப்பிள்ளை பதில் எழுதிச் சிரமப்பட வேண்டாம். என்னை அழைத்துப் போகவும் வர வேண்டாம், பசுவை யார் பார்ப்பது, அடுத்த கூட்டத்தில் மேலக்குடியிருப்புப் பாதையை அடைத்து அவன் போட்டிருக்கிற முள்வேலியைப் பற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது. யோவன்னாளின் சின்னப் பெண்ணுக்கு உன் பழைய பாவாடைகளைக் கொடுத்துவிட்டேன், கோபிக்காதே. நீ அழுவாய் என்று தெரியும், அழு, ஆனால் பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது அழாதே. தண்ணீரைக் காய்ச்சியே குடியுங்கள், எந்த ஊரானாலும் சரி. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, மாப்பிள்ளைக்கு நீண்ட ஆயுசும் என் பேரனுக்கு நல்ல எலும்பும் கொடுப்பாராக. மறக்காமல் பதில் போடு, உறையின் மேல் என் பெயரைக் கீழே இருக்கிறபடி முழுவதும் எழுது, தபால்காரர் அதை நேசையன் வீட்டு வாசலில் நின்று சத்தமாகப் படித்துவிட்டுத்தான் என் வீட்டுக்கு வருவார்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அம்மா,
ஞானப்பூ,
பஞ்சாயத்து உறுப்பினர், ஈந்தடிவிளை.