வெறுங்காலோடு ஏறிய மலை

என் குசினிக் கதவைத் தட்டாமலே அடுப்படி வரை வரும் எலெனி அக்காவுக்கு,

உங்கள் தீவுக்குப் போய் வந்துவிட்டேன், அக்கா. நீங்கள் இல்லாமல். கிரேக்கம் பேசிய உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதுதான். ஆனால் அழுகை வந்தால் எனக்கு இங்கிலீஷ் வராதே.

மெல்பேர்ணில் பக்கத்துப் பக்கத்து வீடு நமக்கு. ஒவ்வொரு கோடையிலும் உங்களுக்கு அதே பேச்சு: வெள்ளை மணல், மலை உச்சியில் பழைய கன்னியர் மடம், வாசலில் வழி பார்த்திருக்கும் அம்மா. "வாற வருஷம் கட்டாயம் போவம்" என்று நானும் சொல்வேன். ஒரு வருஷம் உங்கள் மகனின் பள்ளிச் சோதனை, ஒரு வருஷம் என் பிள்ளைப்பேறு. பிறகு உங்களுக்கு அந்த நோய். ஒத்திப்போட்டு ஒத்திப்போட்டு என்னத்தைக் கண்டோம், சொல்லுங்கள்?

கடற்கரை நீங்கள் சொன்னதைவிட அழகு. அதுதான் எனக்குக் கோபம். ஊர்பார்க்க வந்தவர்கள் குப்புறப் படுத்துக் காய்ந்துகொண்டிருந்தார்கள். நான் சீலைக்கரை நனைய நின்று அழுதேன்.

மறுநாள் உங்கள் அம்மா என்னையும் என் கணவரையும் மடத்துக்குக் கூட்டிப்போனார். கோயில் மலை என்றால் எங்கள் சனத்துக்கு என்ன பழக்கம்? அடிவாரத்திலேயே செருப்பைக் கழற்றிவிட்டேன். பார்த்தால், மற்ற எல்லாரும் சப்பாத்தோடு ஏறுகிறார்கள்! மத்தியான வெயிலில் கற்படி கொதித்தது. திரும்பி இறங்க வெட்கம். பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினேன்.

உச்சியில் அம்மா என்னை இருத்தி, மடத்துக் கன்னியரிடம் தண்ணீர் வாங்கி என் கால்களைக் கழுவினார். கழுவிக்கொண்டே விம்மினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கூட வந்த உங்கள் தம்பிதான் இங்கிலீஷில் சொன்னார்: அங்கே நேர்த்திக்கடன் வைத்தவர்கள்தான் வெறுங்காலோடு ஏறுவார்களாம். செத்துப்போன மகளுக்காக நான் நேர்த்தி வைத்து வந்திருக்கிறேன் என்று அம்மா நம்பிவிட்டாராம்.

"ஐயோ, இல்லையெண்டு சொல்லவேணுமப்பா" என்றேன் என் கணவரிடம்.

"இஞ்சரும், வாயைத் திறவாதையும். மனுசி கொஞ்சம் ஆறட்டும்."

நான் வாய் திறக்கவில்லை. உங்கள் தலையைத் தடவவென்று இத்தனை வருஷம் காத்திருந்த கை, அக்கா. அது என் காலைத் தடவிக்கொண்டிருந்தது. நீங்களல்லவா அங்கே இருந்திருக்க வேண்டும்?

உங்கள் வீட்டில் கலர் டிவி வந்துவிட்டது. அத்தான் சத்தமே இல்லாமல் வைத்துப் பார்க்கிறார். உங்கள் தேசிமரம் வேலிக்கு மேலால் என் பக்கம் எலுமிச்சையாய்க் காய்த்துக் கிடக்கிறது. பறிக்க மனம் வரவில்லை.

வைக்காத நேர்த்திக்கு உங்கள் அம்மாவின் கண்ணீரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதனால் இன்று வைக்கிறேன். அம்மா இருக்கும்போதே திரும்பப் போவேன். அந்தப் படிகளில், சுடும் என்று தெரிந்துகொண்டே, உங்களுக்காக வெறுங்காலோடு ஏறுவேன்.

உங்கள் அம்மா 'மகளே' என்று கட்டிப்பிடித்து அனுப்பிய,
உங்கள் தங்கச்சி
பவானி