போன மாடுகள்

பங்குனி 5, 1980

கோடு போட்ட நோட்டிலும் என் எழுத்து மேலும் கீழும் ஓடுகிறது, மன்னிக்கவும். முதியோர் பள்ளியில் படித்து, அறுபத்தெட்டு வயதில் முதல் மனுவை எழுதிவிட்டேன். அந்தச் சந்தோஷம் மதியம் வரைதான் இருந்தது.

போளூர் பக்க மலைத்தீயில் என் சம்பந்தி கன்னியப்பனின் மாட்டுப்பட்டி எரிந்துபோனது. ஏழில் நான்கு மாடுகள் கருகின. மிஞ்சிய மூன்றும் மேயப் புல்லில்லாமல் நிற்கின்றன. வைக்கோல் கேட்டுத்தான் மனு.

வளர்த்த மாட்டைச் செத்தது என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. அதனால் 'தீப்பிடித்த அன்று நான்கு மாடுகள் போய்விட்டன' என்று எழுதினேன்.

தாலுகா ஆபீஸ் குமாஸ்தா படித்துவிட்டு, "போன மாடு எங்கனா மேஞ்சிகினு இருக்கும், தேடிப் பாருங்க. தீயில மாடு செத்தவங்களுக்குத்தான் வைக்கோல்" என்றார்.

ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து திருத்தினேன். கூட வந்திருந்த கன்னியப்பன் எட்டிப் பார்த்தார்.

"இன்னாத்த அடிக்கிறீங்க, சம்பந்தி?"

"போச்சுன்னா புரியலயாம். செத்துச்சுன்னு போடணுமாம்."

கன்னியப்பன் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"போடுங்க. எனக்குப் படிச்சிக் காட்டாதீங்க" என்றார்.

மனுவை வாங்கிக்கொண்டார்கள். வைக்கோல் வருமா என்று சொல்லவில்லை. அடுத்த வாரம் தெரிந்தால் இதன் கீழே எழுதுகிறேன்.